ஸ்னூக்கர்: அடிக்கும் முன் ஒரு கணம் நிற்கப் பழகுவோம்

ஸ்னூக்கர் ஆடும் நமது பிள்ளைகளிடம் பேசிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்வார்கள். "பக்கத்தில் இருக்கிற பந்து விழுந்துவிடுகிறது. தூரத்துப் பந்து ஒரு நாள் விழுகிறது, மறுநாள் விழ மாட்டேன் என்கிறது. ஆட்டத்தை முடிக்கிற பந்து என்றால் கை நடுங்குகிறது." சிலர் தங்களுக்கு ராசி இல்லை என்று சொல்லி ஆட்டத்தையே விட்டுவிடுகிறார்கள். சிலர் விலை கூடிய கியூ வாங்கித் தரும்படி வீட்டில் கேட்கிறார்கள்.

இதில் ராசிக்கு வேலை இல்லை. பல நேரங்களில் குறியிலோ கியூவிலோ பிழை இருப்பதும் இல்லை. குறி பார்த்து முடித்த கையோடு, ஒரு கணம்கூட நிற்காமல் பந்தை அடித்துவிடுகிறார்களே, அங்கேதான் பிழை தொடங்குகிறது. இக்கட்டுரையில் அந்த ஒரு கணத்தைப் பற்றி மட்டும் பார்ப்போம். அது என்ன, அது எதற்கு, அதை எப்படிப் பழகுவது என்பதே இன்றைய பாடம்.

இந்த ஆட்டம் நமக்குத் தொலைவானது அல்ல. நெவில் சேம்பர்லேன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி 1875-இல் ஜபல்பூரில் இதைத் தொடங்கி வைத்ததாகச் சொல்வார்கள். இதன் விதிகள் ஒழுங்கு பெற்றது நமது உதகமண்டலத்தில் உள்ள ஊட்டி கிளப்பில். ஆகவே இதை முறையாகக் கற்றுக்கொள்ள நமது பிள்ளைகள் தயங்க வேண்டியதில்லை.

நிறுத்தம் எங்கே வருகிறது?

ஓர் அடியை ஐந்து பகுதிகளாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, நிலை. அடிக்க வேண்டிய கோட்டை நின்றபடியே பார்த்து, அந்தக் கோட்டின் மேல் குனிந்து, முன்கையை மேசைத் துணியில் உறுதியாக ஊன்றுவது.

இரண்டாவது, முன்னோட்டம். கியூவை இரண்டு மூன்று முறை சிறிதாக முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பது. இதை ஃபெதரிங் என்பார்கள்.

மூன்றாவது, முன் நிறுத்தம். கியூவின் முனையில் உள்ள டிப்பை வெள்ளைப் பந்துக்கு மிக அருகில் கொண்டுபோய் நிறுத்துவது. தொட்டுவிடக் கூடாது, தொட்டால் ஃபவுல். வெள்ளைப் பந்தின் எந்த இடத்தில் அடிக்கப் போகிறோமோ, டிப் அந்த இடத்துக்கு நேராக இருக்கிறதா என்று இப்போது சரிபார்க்க வேண்டும்.

நான்காவது, மெதுவாகப் பின்னால் இழுத்து, இழுப்பின் முடிவில் ஒரு கணம் நிற்பது. இதுதான் பின் நிறுத்தம்.

ஐந்தாவது, கியூவை நேராக முன்னே செலுத்தி, வெள்ளைப் பந்து இருந்த இடத்தையும் தாண்டி ஓடவிட்டு, பந்து பாக்கெட்டில் விழும்வரை அசையாமல் இருப்பது.

புதிதாக ஆடுபவர்களில் பெரும்பாலோர் இரண்டாவது பகுதியிலிருந்து நேரே ஐந்தாவதுக்குத் தாவிவிடுகிறார்கள். முன்னோட்டத்தின் வேகத்திலேயே கியூ போய்ப் பந்தை அடித்துவிடுகிறது. நடுவில் உள்ள இரண்டு நிறுத்தங்களும் காணாமல் போகின்றன.

ஊஞ்சலைப் பாருங்கள். பின்னால் போன ஊஞ்சல் முன்னால் திரும்பும்போது, உச்சியில் கண் இமைக்கும் நேரம் நின்றுதான் திரும்புகிறது. பின்னால் போகும் கையும் அப்படித்தான். பின் நிறுத்தம் என்பது இயல்பாகவே இருக்கும் அந்தக் கணத்தைக் கொஞ்சம் நீட்டிக்கொள்வது, அவ்வளவுதான். அரை நொடி போதும். சிலருக்கு இன்னும் கொஞ்சம் கூடலாம், குறையலாம். எவ்வளவு நேரம் என்பதைவிட, ஒவ்வொரு முறையும் அதே அளவு நிற்கிறோமா என்பதே முக்கியம்.

அரை நொடியில் என்ன ஆகிவிடும்?

இந்தக் கேள்வி நியாயமானது. ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தால் விடை கிடைக்கும்.

ஸ்னூக்கர் பந்தின் விட்டம் 52.5 மில்லிமீட்டர். வெள்ளைப் பந்தும் நாம் குறிவைத்த பந்தும் ஒரு மீட்டர் இடைவெளியில், பாக்கெட்டுக்கு நேர்க்கோட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். குறிவைத்த பந்திலிருந்து பாக்கெட் இன்னொரு மீட்டர். கியூ கால் டிகிரி மட்டும் கோணலாகப் போகிறது. வெள்ளைப் பந்து குறிவைத்த பந்தை அடையும்போது நாலரை மில்லிமீட்டருக்கும் குறைவாகவே விலகியிருக்கும். கண்ணுக்கே தெரியாத விலகல். ஆனால் இரண்டு உருண்டைகள் மோதும்போது அந்தச் சிறு விலகல் பெருகுகிறது. மோதிய பந்து கிட்டத்தட்ட ஐந்து டிகிரி திசை மாறிப் போகிறது. அடுத்த ஒரு மீட்டரில் அது பாக்கெட்டின் நடுவிலிருந்து சுமார் எட்டு சென்டிமீட்டர் தள்ளிப் போய்விடும். பாக்கெட்டில் பந்துக்கு இரு புறமும் கிடைக்கும் இடமோ சுமார் இரண்டு சென்டிமீட்டர்தான்.

இந்தக் கால் டிகிரி எங்கிருந்து வருகிறது? முன்கை ஊன்றிய இடத்துக்கும் பின்கை பிடித்திருக்கும் இடத்துக்கும் இடையில் சுமார் ஒரு மீட்டர் நீளக் கியூ இருக்கிறது. பின்கை நான்கைந்து மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தாலே போதும், கால் டிகிரி கோணல் வந்துவிடும். வேகமாகப் பின்னால் இழுத்து, இழுத்த வேகத்திலேயே முன்னால் திருப்பும்போது என்ன நடக்கிறது? கையின் தசைகள் திடீரென்று எதிர்த்திசையில் முறுக்கிக்கொள்கின்றன. பிடி இறுகுகிறது. மணிக்கட்டு திரும்புகிறது. முழங்கை வெளியே போகிறது. நான்கைந்து மில்லிமீட்டர் விலக இவற்றில் ஒன்றே போதும். நின்று திரும்பும் கைக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு.

கண்ணுக்கும் நேரம் வேண்டும்

நிறுத்தத்தால் கண்ணுக்கும் பயன் உண்டு. முன்னோட்டத்தின்போது நமது பார்வை வெள்ளைப் பந்துக்கும் குறிவைத்த பந்துக்கும் இடையே மாறி மாறிப் போகிறது. கியூ புறப்படும்போது அது குறிவைத்த பந்தில் நிலைகொண்டிருக்க வேண்டும். நிறுத்தம் இல்லாதவருக்குப் பார்வை இன்னும் பயணத்தில் இருக்கும்போதே கியூ கிளம்பிவிடுகிறது.

கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் விக்கர்ஸ் என்ற ஆய்வாளர் 1996-இல் கூடைப்பந்து வீராங்கனைகளின் கண்ணசைவை ஆராய்ந்தார். தேர்ந்தவர்கள் பந்தை எறிவதற்கு முன்பு ஒரே இடத்தில் பார்வையை நிலைநிறுத்துகிறார்கள் என்று கண்டார். 2002-இல் பில்லியர்ட்ஸ் ஆடுபவர்களிடம் இதே போன்ற ஆய்வு நடந்தது. கியூ புறப்படும் முன் தேர்ந்தவர்களின் கடைசிப் பார்வை, தேர்ச்சி குறைந்தவர்களின் பார்வையைவிடக் கூடுதல் நேரம் நிலைத்திருந்தது. குறி தப்பாத அடிகளில் அந்த நேரம் நீண்டிருந்தது. தப்பிய அடிகளில் குறைந்திருந்தது. அடி கடினமாக ஆக ஆக அந்த நேரமும் கூடியது.

ஆகவே இப்படிப் பழகலாம்: முன் நிறுத்தத்தில் வெள்ளைப் பந்தையும் டிப்பையும் கடைசியாக ஒரு முறை பாருங்கள். கியூவைப் பின்னால் இழுக்கும்போது பார்வையைக் குறிவைத்த பந்துக்குக் கொண்டுபோங்கள். பின் நிறுத்தத்தில் பார்வை அங்கே குடியேறட்டும். பிறகு அடியுங்கள். அதற்குப் பிறகு வெள்ளைப் பந்தைத் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

"ரோனி ஓசல்லிவன் இப்படி நின்று ஆடுவதில்லையே?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். உண்மைதான். 1997-இல் அவர் ஐந்தரை நிமிடத்துக்குள் 147 புள்ளிகள் எடுத்தவர். அவரிடம் நிறுத்தம் பெரிதாகத் தெரியாது. ஆனால் அவர் ஏழெட்டு வயதிலிருந்து ஆடி, கியூவின் நேர்ப்போக்கை உடம்பிலேயே ஊறவைத்துக்கொண்டவர். அவர் வேகமாக ஆடுகிறார், அவசரமாக ஆடுவதில்லை. கற்றுக்கொள்ளும் பருவத்தில் இருப்பவர் அந்த வேகத்தைப் பார்த்து ஆடினால், வேகம் வராது, அவசரம்தான் வரும்.

ஒரு தந்தையும் மகனும்

ஸ்டீவ் டேவிஸ் 1980-களில் ஆறு முறை உலகச் சாம்பியன் பட்டம் வென்ற ஆங்கிலேய வீரர். அவருக்கு ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய தந்தை பில் டேவிஸ். தந்தை ஒன்றும் பெயர்பெற்ற வீரர் அல்லர்; ஆர்வம் உள்ள சாதாரண மனிதர். அவர் மகனிடம் கொடுத்தது ஜோ டேவிஸ் எழுதிய ஒரு புத்தகம். (ஜோ டேவிஸ் இவர்களுக்கு உறவினர் அல்லர். 1927 முதல் 1946 வரை பதினைந்து முறை உலகச் சாம்பியன் பட்டம் வென்றவர்.) அந்தப் புத்தகத்தைத் துணையாக வைத்துக்கொண்டு, நிலை, பிடி, கியூவின் போக்கு என்று ஒவ்வொன்றாக இருவரும் சேர்ந்து சீர்செய்தார்கள். பிற்காலத்தில் ஸ்டீவின் கியூ அசைவு, பயிற்சியாளர்கள் எடுத்துக்காட்டும் பாடமாகவே ஆகிவிட்டது.

இதில் அத்தாமார்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கியூ அசைவைத் திருத்த, ஆடுபவரைவிட நன்றாக ஆடத் தெரிந்தவர்தான் வேண்டும் என்பதில்லை. பொறுமையாகப் பக்கத்தில் நின்று கவனிக்கிற ஒருவர் இருந்தால் போதும். மகன் நின்றானா, நிற்கவில்லையா என்பதைச் சொல்லப் பெரிய ஆட்டக்காரராக இருக்க வேண்டியதில்லை.

பழகும் முறை: நான்கு படிகள்

முதல் படி, பந்து இல்லாமல். வீட்டிலேயே செய்யலாம். சாப்பாட்டு மேசையில் நீளமாக ஒரு நூலை ஒட்டிக்கொள்ளுங்கள். அதன் மேல் கியூ போகும்படி குனிந்து, மெதுவாகப் பின்னால் இழுங்கள். மனத்துக்குள் "ஒன்று, இரண்டு" என்று எண்ணி முடிக்கும்வரை இழுப்பு. "மூன்று" என்னும்போது நிறுத்தம். பிறகு செலுத்துங்கள். கியூ நூலை விட்டு விலகாமல் போகிறதா என்று பாருங்கள். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் போதும். அசைவு பழகிய பிறகு எண்ணுவதை விட்டுவிடலாம். எண்ணிக்கை, நடை பழகும் குழந்தைக்கு நடைவண்டி போல. எப்போதும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது.

இரண்டாம் படி, வெள்ளைப் பந்து மட்டும். பழுப்புப் பந்து வைக்கும் புள்ளியில் வெள்ளைப் பந்தை வையுங்கள். நீலம், இளஞ்சிவப்பு, கறுப்புப் பந்துகளுக்கான புள்ளிகள் எல்லாம் அதே நேர்க்கோட்டில் உள்ளன. அந்தப் புள்ளிகளின் மேல் ஓடும்படி அடியுங்கள். எதிர்க் குஷனில் பட்டு அதே கோட்டில் திரும்பி வந்து உங்கள் டிப்பைத் தொட வேண்டும். பக்கத்தில் விலகி வந்தால், நடுவில் அடிபடவில்லை அல்லது கியூ நேராகப் போகவில்லை என்று பொருள். முதலில் நின்று பத்து முறையும், பிறகு நிற்காமல் பத்து முறையும் அடித்துப் பாருங்கள். வித்தியாசத்தை நாம் சொல்ல வேண்டியதில்லை, பந்தே சொல்லும்.

மூன்றாம் படி, நேர்ப் பந்து. வெள்ளைப் பந்தும் ஒரு சிவப்புப் பந்தும் பாக்கெட்டும் நேர்க்கோட்டில் இருக்கும்படி வையுங்கள். தொடக்கத்தில் பந்துகளுக்கு இடையே ஒன்றரை அடி போதும். பத்து முறை அடியுங்கள். ஒரு சிறு நோட்டில் இரண்டு கட்டங்கள் போட்டுக்கொள்ளுங்கள். முதல் கட்டம்: நின்றோமா? இரண்டாவது கட்டம்: பந்து விழுந்ததா? நிற்காமல் அடித்துப் பந்து விழுந்திருந்தால் அதை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. நின்று அடித்தும் விழாமல் போனால் முதல் கட்டத்தில் குறி போடத் தயங்கவும் கூடாது. இந்தக் கணக்கு மிக முக்கியமானது. பழக்கம் ஏறும்வரை, நின்றதற்குத்தான் மதிப்பெண், விழுந்ததற்கு அல்ல. மூன்று நாட்கள் தொடர்ந்து பத்துக்கு எட்டு வந்தால் தூரத்தை ஓர் அடி கூட்டுங்கள்.

நான்காம் படி, நெருக்கடி. ஒன்பது பந்துகளைச் சாதாரணமாக அடித்துவிட்டு, பத்தாவது பந்தை ஆட்டத்தின் கடைசிப் பந்தாக நினைத்து அடியுங்கள். அது விழாவிட்டால் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். பத்தாவது பந்திலும் முதல் பந்தில் நின்ற அதே அளவு நிற்கிறீர்களா என்பதைப் பக்கத்தில் இருப்பவர் கவனிக்கட்டும்.

கைப்பேசியில் மெதுவாக ஓடும் படம் எடுக்கும் வசதி இப்போது பலரிடம் இருக்கிறது. பக்கவாட்டில் வைத்து எடுத்தால் நிறுத்தம் இருக்கிறதா என்று தெரியும். கியூவுக்கு நேர் எதிரே வைத்து எடுத்தால் கியூ கோணாமல் போகிறதா என்று தெரியும். நின்றோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் பல அடிகளில் உண்மையில் நின்றிருக்கவே மாட்டோம். படம் பொய் சொல்லாது.

கவனிக்க வேண்டிய பிழைகள்

நிற்கும்போது பிடியை இறுக்கிக்கொள்வது முதல் பிழை. கைக்குழந்தையின் விரலைப் பிடிப்பதுபோல் கியூவைப் பிடித்திருக்க வேண்டும். நிறுத்தத்தில் விரல்கள் வெளுத்துப் போயிருந்தால் பிடி இறுகிவிட்டது என்று பொருள்.

நின்ற நேரத்தை ஈடுகட்டுவதுபோல் வெடுக்கென்று பாய்வது இரண்டாவது பிழை. மெதுவாகப் புறப்பட்டு, பந்தைத் தொடும்போது வேகம் பெற வேண்டும். மெல்லிய அடிக்குப் பின்னிழுப்பைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் நிறுத்தத்தைக் குறைக்கக் கூடாது.

நிறுத்தத்தில் குறியை மாற்றுவது மூன்றாவது பிழை. "கொஞ்சம் இடப்பக்கம் போக வேண்டுமோ?" என்று அப்போது தோன்றினால் கியூவைத் திருப்பாதீர்கள். எழுந்து நின்று, மறுபடியும் கோட்டைப் பார்த்து, மறுபடியும் குனியுங்கள். இதில் வெட்கம் எதுவும் இல்லை.

நான்காவது, தேவைக்கு மேல் நிற்பது. நிறுத்தம் நீண்டு நீண்டு தயக்கமாக மாறிவிடக் கூடாது. ஏழு முறை உலகச் சாம்பியன் பட்டம் வென்ற ஸ்டீபன் ஹென்ட்ரி, பல ஆண்டுகளாகத் தம்மால் கியூவைத் தடையின்றி முன்னே செலுத்த முடியாமல் போனதைப் பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொன்னார். அவ்வளவு பெரிய வீரருக்கே கை கட்டுண்டு போகும் என்றால், மற்றவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டாமா? நிற்பது, போவதற்காகத்தான். கண் குடியேறியதும் கை கிளம்பிவிட வேண்டும்.

கடைசிப் பந்து

இவ்வளவும் பழகினால் பந்து தவறவே தவறாதா? அப்படி யாரும் உறுதி தர முடியாது. 1985 உலகச் சாம்பியன் இறுதிப் போட்டி ஷெஃபீல்டு நகரின் குரூசிபிள் அரங்கில் நடந்தது. ஸ்டீவ் டேவிஸ் முதல் எட்டு ஃபிரேம்களையும் வென்று முன்னிலையில் இருந்தார். டென்னிஸ் டெய்லர் விடாமல் துரத்தி 17-17 என்று சமன் செய்தார். கடைசி ஃபிரேமும் இழுபறியாகி, கடைசிக் கறுப்புப் பந்துவரை வந்து நின்றது. நள்ளிரவும் கடந்துவிட்டது. பிரிட்டனில் மட்டும் 1 கோடியே 85 லட்சம் பேர் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கறுப்புப் பந்தை விளிம்பில் உரசிப் பாக்கெட்டில் போட டேவிஸுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. தவறவிட்டார். அடுத்து டெய்லர் அதைப் போட்டு வென்றார்.

அடுத்த ஆண்டு இறுதிப் போட்டியிலும் டேவிஸ் தோற்றார். ஆனாலும் தோல்வியால் துவண்டு தன் ஆட்ட முறையைக் கைவிட்டுவிடவில்லை. 1987, 1988, 1989 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து அவரே சாம்பியன். ஒரு பந்து தவறியதற்காக நல்ல பழக்கத்தை விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. பழகிய கையும் சில நேரம் தவறும். பழகாத கை எப்போது தவறும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

வீட்டில் உள்ளவர்களுக்கு

கிளப்பில் மேசை வாடகை மணிக்கணக்கில் ஓடுகிறது. தோற்றவர் வாடகை கொடுக்க வேண்டும் என்று பேசிக்கொண்டு ஆடுவதும் பல இடங்களில் நடக்கிறது. இந்த இரண்டும் நிதானத்துக்குப் பகை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஆடுகிற பிள்ளை நின்று அடிக்காது. பணம் வைத்து ஆடுவதை நாம் எந்த வகையிலும் ஏற்பதில்லை என்பது ஒருபுறம் இருக்க, கற்கும் பிள்ளையின் கையையும் அது கெடுத்துவிடும். வாரத்தில் ஒரு நாளாவது, கூட்டம் இல்லாத நேரத்தில், ஆட்டம் போடாமல் பயிற்சி மட்டும் செய்ய ஒரு மணி நேரம் ஏற்பாடு செய்து கொடுங்கள். படிப்பு நேரம் கெடாமல் அந்த ஒரு மணியை வகுத்துக் கொடுப்பது பெற்றோரின் பொறுப்பு.

முடிந்தால் அத்தாவோ அண்ணனோ உடன் போங்கள். "ஏன் போடவில்லை?" என்று கேட்காதீர்கள். "நின்றாயா?" என்று மட்டும் கேளுங்கள். முதல் கேள்வி பிள்ளையை அவசரப்படுத்தும். இரண்டாவது கேள்வி அவனை யோசிக்க வைக்கும்.

இன்று முதல் பதினைந்து நாட்கள், நாளுக்கு ஐந்து நிமிடம் நூலின் மேல் முதல் படியைச் செய்யச் சொல்லுங்கள். வாரத்துக்கு ஒரு முறை மேசையில் மற்ற படிகள். நோட்டில் இரண்டு கட்டங்களும் நிரம்பட்டும். பதினைந்தாம் நாள் நோட்டைத் திறந்து முதல் கட்டத்தை எண்ணிப் பாருங்கள். அதில் குறிகள் கூடியிருந்தால் பிள்ளை சரியான வழியில் போகிறான். இரண்டாவது கட்டத்தைப் பற்றி அப்போதே கவலைப்பட வேண்டாம்.